மறுமுனை

காரங்காட்டுக்குத் தெற்கே, மூன்றாம் இறால் குட்டையின் கரையில்
மோட்டார் கொட்டகை.
கவிழ்த்துப் போட்ட தீவன வாளிமேல் மடிக்கணினி,
அதன் விலாவில் கட்டைவிரல் பருமனில் டாங்கிள்.
ஆக்சிஜன் சென்சார் தண்ணீருக்குள்.
அது பேசுவது ப்ளூடூத்தில்.

"தெனம் ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அறுந்துபோகுது தங்கச்சி.
நாலு மணி வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது.
அந்த நேரந்தான் இறாலுக்கு மூச்சு முட்டும்"
என்றார் அமலதாசன்.

ஒட்டுக்கேட்பதற்கும் ஒழுங்கு உண்டு.
காற்றில் நாற்பது வாய்க்கால்.
மூன்றில் மட்டும் அது தன்னைக் கூவி விற்கும்:
முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
எவராவது ஒருவர் "வா" என்றதும்
மிச்சத்தில் தாவத் தொடங்கிவிடும்.
தாவும் வரிசை அந்த "வா"வுக்குள்தான் இருக்கிறது.
அதைத் தவறவிட்டவள்
நண்டு போன பிறகு வளையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முதல் இரவு தவறவிட்டேன்.
நான் முப்பத்தேழில் காத்திருந்தேன்,
அது முப்பத்தொன்பதில் கை கொடுத்துவிட்டது.

இரண்டாம் இரவு மூன்றையும் சுற்றிவரச் சொல்லி,
பக்கத்துக் குட்டைகளின் சத்தத்தை வடிகட்டி,
இந்த ஒரு முகவரியை மட்டும் பின்தொடரச் சொன்னேன்.
சிக்கியது.
சிக்கியது அத்தனையும் பூட்டியிருந்தது.

அமலதாசனின் கைபேசிப் பதிவில் சாவி இருந்தது,
பதினாறு பைட்.
பார்த்துப் பார்த்து அடித்தேன். திறக்கவில்லை.
மறுபடி அடித்தேன். பிழை.
கொசு, உப்புக்காற்று, ஏரேட்டரின் ஓயாத சளப்பு.
ஒன்றரை மணிக்கு உறைத்தது:
கைபேசி அதைக் கடைசியிலிருந்து எழுதி வைத்திருக்கிறது.
வாலைத் தலையாக்கினேன்.

4.4
4.1
4.1
3.9
திரையில் எண்கள், சாதாரண எண்கள்.
ஒருவர் மூச்சை இன்னொருவர் எண்ணுவதுபோல
நொடிக்கு ஒன்று.

2:44. கைபேசி கண்ணயர்ந்தது.
கொட்டகைக் கட்டிலில் அதன் சொந்தக்காரரும்தான்.
சென்சார் சற்றுப் பொறுத்தது,
ஆள் இல்லை என்று இணைப்பை விட்டது,
மூன்று வாய்க்காலிலும் கூவியது.
கூவி முடிக்குமுன் ஒரு "வா".
இவர் முகவரி இல்லை.

இந்தச் சாவி அந்தப் பேச்சுக்குப் பொருந்தவில்லை.
சாவி இல்லாத பேச்சில்
நேரம் தெரியும், நீளம் தெரியும்,
பேசுகிறவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பது
ஏறத்தாழத் தெரியும்.
எழுபத்தொரு நிமிடம்.
மைனஸ் எண்பத்தொன்று, பிறகு எழுபத்தாறு, மறுபடி எண்பத்தொன்று:
நடக்கிறார். நிற்கிறார். நடக்கிறார்.
தலையை நிமிர்த்தினேன்.
எதிர்வரப்பில் நீல வெளிச்சம் ஒரு தாடையை மட்டும் காட்டியது.

நான்காம் குட்டை சூசைமிக்கேலுடையது.
அமலதாசனின் தம்பி.
வரப்பு அளந்ததில் வந்த வழக்கு
திருவாடானை நீதிமன்றத்தில் ஏழாவது வருஷம்.
சென்சார் மட்டும்
பாகம் பிரிக்கும் முன் சேர்ந்து வாங்கியது.

காலையில் கேட்டார்: "என்ன கோளாறு?"
"ஒரு நேரத்துக்கு ஒரு கைபேசியத்தான் சேத்துக்குது.
ரெண்டா மாத்திட்டேன்."
"எதுக்கு ரெண்டு?"
"உங்க போன் தூங்கிருதுல்ல."
பொய்யில்லை. பதிலும் இல்லை.
பேசிய கூலியில் முந்நூறு குறைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் இரவு இருந்து பார்த்தேன், சோதனைக்கு.
இரண்டே முக்கால் தாண்டியும் அறுபடவில்லை.
ஒரே கோப்பில், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்றாக
இரண்டு இணைப்புகளும் விடியும்வரை ஓடின.

அதில் ஒன்றைத்தான்
என்னால் படிக்க முடிந்தது.